இரண்டு குதிரைகளுக்குச் சின்னதாகப் புது லோரி கட்டப் போகிறோம் (கோலாலம்பூர்). உள்ளமைப்பு எப்படி இருக்க வேண்டும்? எந்த வசதிகள் அவசியம்?

கேள்வியோடு நீங்கள் போட்ட வசதிப் பட்டியலில் ஏர்கான், மடக்கு சோபா, கைகழுவ சிங்க், வெளியே எல்இடி விளக்கு எல்லாம் இருக்கிறது. குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. பட்டறையில் படம் காட்டி ஆசை ஊட்டும்போது எல்லாருக்கும் கண் சோபாவின் மேல்தான் போகும்.

உங்களுடையது பந்தயக் குதிரை இல்லை, சவாரிக் குதிரை என்று எடுத்துக்கொள்கிறேன். வார இறுதியில் போட்டிக்கோ பயிற்சிக்கோ கொண்டுபோய் அன்றே திரும்புகிற ஆள். அப்படியில்லை என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் இன்ஜினியர் இல்லை, மிருக வைத்தியரும் இல்லை. ஜாலான் அம்பாங்கில் பந்தயத் திடல் இருந்த காலத்தில் அப்பா அங்கே குதிரைக்காரர். இரட்டைக் கோபுரம் நிற்கிறதே, அதே இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திடல் சுங்கை பீசிக்குப் போனது. நான் சுங்கை பூலோ பக்கம் சில குதிரைகள் வைத்துக் கல்யாண ஊர்வலத்துக்கும் பிள்ளைகள் சவாரிக்கும் அனுப்புகிறேன். குதிரையை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. ஆகவே 'இங்கிலாந்தில் இப்படிக் கட்டுவதில்லையே' என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அங்கே குளிர். இங்கே மத்தியானம் 33 டிகிரி.

முதலில் எடை. லோரிக் கதவில் பெயிண்டால் இரண்டு எண்கள் எழுதியிருக்கும்: சரக்கில்லாத எடை, சரக்கோடு அனுமதித்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. பந்தய ஜாதிக் குதிரை ஒன்று 450 முதல் 550 கிலோ வரை வரும். இரண்டு ஏற்றினாலே ஒரு டன். அதோடு ஆள் இரண்டு பேர், சேணம், புல், தண்ணீர். தரையில் போடும் ரப்பர் பாயைத் தனி ஆளாகத் தூக்கிப் பாருங்கள், கனம் தெரியும். உங்கள் சிங்க்குக்கு 60 லிட்டர் தொட்டி வைத்தால் அதுவே 60 கிலோ. சோபாவும் அலமாரியும் வரும்போது கதவில் இருக்கும் எண் உங்களைக் கேலி செய்யும். பாடியை மாற்றிக் கட்ட ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும் என்பதால், வெல்டிங் தொடங்கும் முன்பே வரைபடத்தோடு இந்தக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிற்கும் விதம். பின்பக்கம் பார்த்து நிறுத்துவதே நல்லது என்று ஒரு கூட்டம், சாய்வாக நிறுத்து என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பின்னோக்கி நிற்கும் குதிரை பிரேக் பிடிக்கும்போது பிட்டத்தில் தாங்கிக்கொள்கிறது, தலையும் நெஞ்சும் போய் முட்டாது. நான் 14 அடி பாடியில் முன்னோக்கி, பக்கத்துக்கு ஒன்றாக, நேராகத்தான் நிறுத்துகிறேன். மூக்கிலிருந்து வால் வரை எட்டடி குதிரைக்குப் போனால், தலைக்கு முன்னால் ஆள் நின்று வேலை பார்க்க இடம் மிஞ்சுகிறது. நடுத் தடுப்பு தரை வரை இறங்கக் கூடாது. வளைவில் குதிரை காலை அகட்டித்தான் சமாளிக்கும், கீழே பலகை இருந்தால் அகட்ட வழியில்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே கனமான ரப்பர் திரை போதும். தடுப்பைக் கழற்ற முடிய வேண்டும். ஒற்றைக் குதிரை என்றால் டிரைவர் பக்கம், அதாவது வலப்பக்கம் நிறுத்துங்கள். நம் சாலை இடது ஓரத்துக்குச் சரியும்.

ஏறு பலகை பின்னாலா, பக்கத்திலா? புத்தகப்படி இடப்பக்கம் நல்லது, குதிரை வாகனங்களுக்கு எதிரே இறங்காது. ஆனால் நான் போகிற இடமெல்லாம் தாமான் (குடியிருப்பு) வீடுகள். இடப்பக்கம் பலகையை இறக்கினால் நேரே லோங்காங்கில் (சாக்கடையில்) போய் நிற்கும். லோங்காங் இல்லாத இடத்தில் யாரோ மைவி காரை நிறுத்திவைத்திருப்பார். எனக்குப் பின்பக்கம்தான் சரி.

இனி நான் விடாப்பிடியாக நின்று வாங்கிய விஷயம். நெஞ்சுக்கு முன்னால் வரும் குறுக்குக் கம்பியை வெளியிலிருந்தே பூட்டு ஊசியை உருவி விழச் செய்யும் அமைப்பு வேண்டும் என்றேன். முன்னால் இடப்பக்கம், ஆள் நுழைய ஒரு சின்னக் கதவும் கேட்டேன். பட்டறை போர்மேன் சிரித்தார். "பாஸ், உள்ளே போய்க் கழற்றலாமே, எதுக்கு வெளியே ஓட்டை? மழைத் தண்ணி இறங்கும், காசும் கூட." உள்ளே போய்க் கழற்றுகிற நேரத்தில் குதிரை என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? அந்த வேலை இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச காலம் கழித்து, செலாயாங்கில் ஒரு கல்யாணம் முடித்து எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் வருகிறோம். சாயங்கால நெரிசல், கொட்டுகிற மழை, தலைக்கு மேலேயே இடி. கேமரா திரையில் பார்க்கிறேன், இளைய குதிரை எழும்பி முன்னங்காலைக் கம்பிக்கு மேலே போட்டுவிட்டது. பாதி உடம்பு கம்பியில் தொங்குகிறது, பின்னங்கால்கள் உதைக்கின்றன. அவசரப் பாதையில் ஒதுக்கினேன். தம்பி பின்பலகையைத் திறக்க ஓடினான், சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். நெடுஞ்சாலையில் பின்பலகையைத் திறந்தால் குதிரையும் போகும், பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரனும் போவான். வெளியே நின்றபடியே ஊசியை உருவினேன். கம்பி விழுந்தது, கால் தரைக்கு வந்தது. நெஞ்சில் தோல் உரிந்ததோடு சரி. தலைக்கயிறு இரும்பு வளையத்தில் நேரே கட்டாமல் மெல்லிய சணல் கண்ணியில் கட்டியிருந்ததால் அது எப்போதோ அறுந்திருந்தது, கழுத்து மாட்டவில்லை. இரண்டுமே மலிவான சமாச்சாரம்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது, சொல்லாமல் விட மனசில்லை. குதிரை வேண்டும் என்று கெஞ்சிப் பதிவு செய்வார்கள். வந்து நின்றதும் உறுமி மேளத்தைக் குதிரையின் காதுக்குள்ளேயே அடிப்பார்கள். எட்டி நின்று அடிங்கள் அண்ணே என்றால், பழக்காத குதிரையை ஏன் கொண்டுவந்தாய் என்று சண்டை. மாமாவின் பேரன் வரை ஏறிப் போட்டோ எடுத்த பிறகு, "பாக்கிப் பணம் நாளைக்கு டிரான்ஸ்ஃபர் பண்றோம் தம்பி." ஒரு பெண்மணி லோரி வீடியோவில் அழகாக இல்லை, தள்ளி நிறுத்து என்றார். உங்கள் எல்இடி விளக்கைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார், மன்னியுங்கள்.

காற்று. ஏர்கான் கூடாது என்று சொல்லவில்லை. பெரிய வண்டி, பெரிய பணம் என்றால் போடுங்கள். சின்ன லோரியில் அது கெட்டுப்போனால் மூடிய பெட்டிக்குள் குதிரை வேகும். இந்த ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், குதிரை உடம்பைத் தணிக்க அதுதான் முக்கிய வழி. இரண்டு பக்கமும் தலைமட்டத்தில் கம்பி போட்ட ஜன்னல், கூரையில் திறப்பு, இன்ஜின் அணைந்தாலும் சுற்றுகிற மாதிரி தனி பேட்டரியில் விசிறி. கூரை இரட்டைத் தகடு, நடுவே வெப்பத்தடுப்பு, மேலே வெள்ளை. உள்ளேயும் வெள்ளை அடியுங்கள், இருட்டுக்குள் ஏறச் சொன்னால் எந்தக் குதிரையும் யோசிக்கும். தலைக்கயிறு குதிரை தலையைத் தாழ்த்தித் தும்ம முடிகிற நீளம் இருக்கட்டும். மணிக்கணக்காகத் தலையைத் தூக்கியே கட்டிவைத்தால் சளி நுரையீரலில் இறங்கும், நீண்ட பயணத்துக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்கு இது பெரிய காரணம்.

தரைக்குக் கெருயிங் மரப் பலகையா, அலுமினியமா என்று சண்டை போட வேண்டாம். மூத்திரம் இரண்டையும் தின்னும். பாயைத் தூக்கிக் கழுவ முடிகிற மாதிரி துண்டு துண்டாகப் போட்டு, ஓரத்தில் வடிகால் வைக்கச் சொல்லுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் பயணம் வேண்டாம். லாயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, பலகையை இறக்கி, சில நாள் குதிரைக்குத் தீனியை உள்ளேயே வையுங்கள். அது தானாக ஏறி இறங்கட்டும். பிறகு இன்ஜினைப் போட்டு நிற்க வையுங்கள், அப்புறம் தாமானை ஒரு சுற்று. சோபா வாங்கியே தீருவேன் என்றால் அதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.