மாவுக்கட்டு போட்ட பிள்ளைக்கு இரவு வலி

சகோதரி, வரப்பில் விழுந்து கை முறிந்த மகன் இரவெல்லாம் அழுகிறான், 12 கிலோ, வீட்டில் இரண்டு வகை பாராசிட்டமால் சிரப் இருக்கிறது என்கிறீர்கள். வயதை விடுங்கள், எடைதான் கணக்கு. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. லேபிளில் 5 மில்லிக்கு 250 மி.கி. என்றிருந்தால் 3.6 மில்லி; 120 என்றால் 7.5 மில்லி. ஏதாவது ஒன்றுதான், இரண்டும் கூடாது. டீஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் போகாதீர்கள். பக்கத்து வீட்டில் சொன்ன நிமெசுலைடு என்ற வலி மருந்து வேண்டவே வேண்டாம். 12 வயதுக்குக் கீழே அதை இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

அப்புறம், விரல்களைப் பாருங்கள். வீங்கியோ நீலம் பாய்ந்தோ சில்லிட்டோ இருந்தாலும், மருந்துக்கும் வலி அடங்காமல் ஏறினாலும் கட்டு இறுகியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, மன்னார்குடியிலிருந்து உடனே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.