பாசி எடுக்கும்போது ஆண்டவர் நினைப்பு வருவதில்லை

ஐயா, வணக்கம்.

பாம்பனில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறேன். ஞாயிறு பூசையில் ஆண்டவர் பக்கத்திலேயே இருப்பது போல இருக்கிறது. திங்கட்கிழமை கடலில் இறங்கிவிட்டால் அவர் நினைப்பே வருவதில்லை. மூச்சடக்கிப் பாறையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவள் எப்படிச் செபம் சொல்வது? இரவில் செபமாலையும் பாதியில் தூங்கிவிடுகிறேன். முழு விசுவாசம் இருந்தால் ஆபத்தே அண்டாது என்று செபக்கூட்டத்தில் சொல்கிறார்கள். எனக்கு அது இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நினைக்காத நேரத்தில் அவர் உங்களை விட்டுப் போய்விடுவாரோ என்பதுதான் உங்கள் பயம். போகமாட்டார். மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீடர்கள் புயலோடு மல்லுக்கட்டுகிறார்கள். இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். அவர்களில் சிலர் உங்களைப் போலத் தண்ணீரிலேயே பிழைத்தவர்கள். படகில் தண்ணீர் நிரம்பும்போதுதான் அவரை எழுப்புகிறார்கள், அதுவும் உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்டு. அவர்களுடைய விசுவாசக் குறைவை அவர் கண்டித்தார், உண்மைதான். ஆனால் முதலில் காற்றை அடக்கினார், பிறகுதான் கண்டித்தார். எழுப்பும்வரை அவர் படகில் இல்லாமலா இருந்தார்? கடலின் கடைக்கோடிக்குப் போனாலும் அவருடைய கை நம்மைப் பிடித்திருக்கும் என்று 139-ஆம் திருப்பாடலும் சொல்கிறது. நாம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

விசுவாசம் இருந்தால் ஆபத்து வராது என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் கரையில் நின்று அப்படிப் பேசுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கூரையில்லாத தேவாலயச் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்தக் கோயிலில் பூசை கண்டவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எந்நாளும் உங்களோடு இருப்பேன் என்றுதான் அவர் வாக்குக் கொடுத்தார். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் நீங்கள் கடலில் இறங்காமல் வீட்டில் இருந்தால் அதுவும் விசுவாசக் குறைவு இல்லை.

சரி, செபத்துக்கு வருவோம். தண்ணீருக்கு அடியில் ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே அலையையும் பாறையையும் கவனியுங்கள். இறங்குவதற்கு முன், பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவீர்களே, அப்போது விரலுக்கு ஒருவர் பெயரைச் சொல்லிச் சுற்றுங்கள். பெருவிரலுக்கு வீட்டுக்காரர், அடுத்ததற்கு மூத்த பிள்ளை, இன்னொன்றுக்கு வட்டிக்குக் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கூட. மேலே வந்து மூச்சை இழுக்கும்போது 'ஆண்டவரே' என்று ஒரு சொல் வந்தால் போதும். வராத நாளும் இருக்கும். அவர்மேல் கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், அந்தச் சீடர்கள் கேட்டது போல.

அப்புறம் அந்தச் செபமாலை. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்த உடம்பு தூங்கத்தான் செய்யும். மாலையில் ஒரு பத்து மணிகளை மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள், மீதியைப் பிள்ளைகள் சொல்லட்டும்.