"யாருக்கு ஆத்தா முடியல?"

கேள்வி: அம்மா, எனக்கு 31 வயது. ஊட்டியில் இரண்டு நாள் 'ஷாமன் மேளப் பயிற்சி'க்குப் போய் வந்தேன். கட்டணம் 9,500 ரூபாய். கடைசியில் சான்றிதழும் தந்தார்கள். கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து ஒரே சீராக மேளம் தட்டினார்கள். அப்பா போன துக்கம் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் இறங்கியது. இப்போது எங்கள் அபார்ட்மென்ட் பெண்களுக்கு நானே கட்டணம் வாங்கி நடத்தலாம் என்றிருக்கிறேன். தோழி ஒருத்தி, "யாரோ பழங்குடி ஜனங்களோட சாமியை எடுத்துவந்து விக்கிறே" என்கிறாள். அவள் சொல்வது சரியா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: பாதி சரி. உங்கள் துக்கம் இறங்கியது உங்களுடையது, அதில் யாரும் கை வைக்க முடியாது. சான்றிதழை மட்டும் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள்.

ஷாமன் என்பது சைபீரியாவின் எவெங்கி மக்களுடைய சொல், ஆவிகளோடு பேசி நோய் தீர்ப்பவர் என்று பொருள். அங்கே யாரும் பணம் கட்டி ஷாமன் ஆனதில்லை. பெரும்பாலும் நோயில் விழுந்து, கனவில் அலைக்கழிந்து, வேறு வழியில்லாமல் அந்த வேலைக்கு வந்தவர்கள். சோவியத் காலத்தில் அவர்களுடைய மேளங்களைப் பிடுங்கினார்கள், பலரைச் சிறையில் அடைத்தார்கள். நீங்கள் ஊட்டியில் கேட்ட முறை அநேகமாக அங்கிருந்து நேரே வந்ததல்ல. மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் அமேசான் காட்டில் ஷுவார், கோனிபோ மக்களிடம் இருந்து பழகியவர். ஒவ்வொரு குலத்துக்கும் உரிய தெய்வத்தையும் பாட்டையும் கழித்துவிட்டு, எல்லோருக்கும் பொது என்று தமக்குத் தோன்றியதை மட்டும் வைத்து ஒரு முறையை அமைத்தார். 1980-ல் புத்தகமாகவும் எழுதினார். சாறு எது, சக்கை எது என்று பிழிந்தவரே முடிவு செய்துவிட்டார்!

மெக்சிகோவில் வாவுட்லா என்ற மலையூரில் நடந்ததையும் சொல்கிறேன். அங்கே மாசடெக் இனத்தில் மரியா சபினா என்ற வைத்தியக்காரி இருந்தார். நோயாளிக்காக இரவெல்லாம் விழித்துப் பாடுவார், அதற்காகக் காட்சிகள் தெரியவைக்கும் ஒருவகைக் காளானைத் தின்பார். அந்தக் காளான்களை அவர் 'குழந்தைகள்' என்றுதான் சொல்வார். 1955 ஜூனில் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன் அங்கே போனார். ஊரில் விட்டுவந்த மகன் எப்படி இருக்கிறான் என்று தெரிய வேண்டும் என்று காரணம் சொல்லித்தான் அந்தச் சடங்கில் உட்கார்ந்தார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் படத்தோடு கட்டுரை வந்தது. மரியாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார், பயனில்லை. அறுபதுகளில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மலையேறினார்கள். பின்னாலேயே போலீசும் வந்தது. ஊர்க்காரர்கள் கோபத்தில் மரியாவின் வீட்டைக் கொளுத்தினார்கள். 1985-ல் வறுமையிலேயே இறந்தார். முன்பெல்லாம் நோய் தீரத்தான் குழந்தைகளை எடுத்தோம், கடவுளைப் பார்ப்பதற்கென்று யாரும் வந்ததில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கோடாங்கித் தாத்தா ஞாபகம்தான் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம். அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு முளையில் மஞ்சள் துணி சுற்றி உடுக்கை தொங்கும். எனக்குப் பத்து வயதிருக்கும். ஆளில்லை என்று நினைத்து ஒரு மத்தியானம் அதை எடுத்துத் தட்டினேன். இடையில் இருக்கும் கயிற்றை அமுக்கினால் சத்தம் மாறும், அந்த ஆசை. உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டே ஓடிவந்தார். திட்டவில்லை. "யாருக்கு ஆத்தா முடியல?" என்று கேட்டார். என் வீட்டில் யாருக்கோ முடியவில்லை, கூப்பிட வந்திருக்கிறேன் என்றே நினைத்துவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் அப்பத்தா வெற்றிலை பாக்கோடு ஒன்றேகால் ரூபாய் வைத்துக்கொண்டு போய் நின்றது. அவர் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தோழி சொல்வதில் எந்தப் பாதி சரி என்று இப்போது தெரிந்திருக்கும். அந்தப் பழங்குடி மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களுடைய பெயரைப் பலகையில் எழுதிக் கட்டணம் வாங்குவதில்தான் ஆட்சேபம். 1993-ல் அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டா மக்கள் தங்கள் சடங்குகளை விற்பவர்களுக்கு எதிராகப் 'போர்ப் பிரகடனம்' என்றே அறிவித்தார்கள், அவ்வளவு மனம் வெந்திருந்தது.

அபார்ட்மென்டில் நாலு பெண்கள் கூடி மேளம் கேட்க வேண்டுமா, தாராளமாகக் கேளுங்கள். ஷாமன் என்ற பெயர் வேண்டாம், கட்டணம் வேண்டாம். கண்ணைக் கட்டியதும் ஒருத்தி உடைந்து அழுதால் அன்றிரவு அவளோடு யார் இருப்பது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். ஊட்டிக்காரர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இதை அவர்கள் யாரிடம் கற்றார்கள், அந்த 9,500-ல் அந்த மக்களுக்கு எவ்வளவு போகிறது? பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.