பராமரிக்கிறவருக்குக் காசு உண்டா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டாவளையில் இருக்கிறோம். தம்பிக்கு 2009 இல் முள்ளந்தண்டில் காயம், இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. அம்மாவுக்கு 73 வயது. இருவரையும் பார்க்கத் தையல் வேலையை விட்டுவிட்டேன். என்னைப்போல் பராமரிக்கிறவர்களுக்கு அரசாங்க உதவி ஏதும் உண்டா?

பதில்: உங்கள் பெயரில் இல்லை. இலங்கையில் பராமரிப்பாளருக்கென்று தனிக் கொடுப்பனவு கிடையாது. காசு வருவது பராமரிக்கப்படுபவரின் பெயரில்தான். அதனால் தம்பிக்கு ஒரு கோவை, அம்மாவுக்கு இன்னொரு கோவை என்று பிரித்து வையுங்கள்.

2025 இல் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், வருமானம் குறைந்த 70 வயது தாண்டியோருக்கானது 3,000 இலிருந்து 5,000 ஆகவும் கூடியது. வீட்டுக்கு அஸ்வெசும (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவு) கிடைக்கிறது என்பதற்காக இவற்றைக் கேட்காமல் விடாதீர்கள். இவை வேறு கணக்கு.

முதலில் விதானையாரிடம் (கிராம அலுவலர்) வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி மூன்றிலும் மூலமும் பிரதியும் கையில் இருக்கட்டும்.

பல விண்ணப்பங்கள் இழுபடுவது மருத்துவப் படிவத்தில்தான். 'முள்ளந்தண்டுக் காயம்' என்ற ஒரு வரி, தம்பியால் என்ன முடியாது என்பதைச் சொல்லாது. எழுந்து நிற்க முடியாது, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற ஆள் வேண்டும், படுக்கைப்புண் வந்திருக்கிறது என்று எழுதித் தரும்படி அரசாங்க வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். வரிசை நீளமான கிளினிக்கில் கேட்காமல் எழுதமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்த சிக்கல் வங்கி. அடையாள அட்டையில் 'சிவராசா', புத்தகத்தில் 'சிவராஜா' என்றிருந்தால் காசு நின்றுவிடலாம். இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, பிறகு எடுத்தவற்றில் இந்தப் பிழை வன்னியில் சாதாரணம். விண்ணப்பிக்க முதலே திருத்துங்கள். நீண்டகாலம் பாவிக்காத கணக்கு என்றால் அதையும் உயிர்ப்பித்து வையுங்கள். அம்மாவால் வங்கிக்குப் போக முடியாவிட்டால், உத்தியோகத்தரை வீட்டுக்கு அனுப்பிக் கைநாட்டு எடுக்கும்படி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

சக்கர நாற்காலி, கொமட் கதிரை போன்றவற்றையும் அதே சமூக சேவைப் பிரிவில் கேட்கலாம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்போடும் தொடர்புகொள்ளுங்கள். அவசர சத்திரசிகிச்சைச் செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

படிவத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். காத்திருப்போர் பட்டியலில் போட்டால், எத்தனையாவது இடம் என்று அந்தப் பிரதியிலேயே குறித்து வையுங்கள். அதற்கிடையில் 'காசு வந்ததும் கட்டலாம்' என்று கிழமைக்குக் கட்டும் நுண்கடனை மட்டும் எடுக்காதீர்கள். கொடுப்பனவு மாதத்துக்கு ஒருமுறை வரும், கடன்காரர் கிழமைக்கு ஒருமுறை வருவார்.