பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் முறையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

முன்னுரையிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். 'எங்கள் ஊர் நூலகம்' என்று தலைப்பு கொடுத்தால், தோன்றியதையெல்லாம் முதலில் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் வரிசைப்படுத்தி, குறிப்புச்சட்டகம் போட்டு, நிறுத்தாமல் ஒரு வரைவு எழுதட்டும். முன்னுரை அதற்குப் பிறகு வரலாம்.

திருத்தத்துக்குத்தான் அதிக வகுப்புகளை ஒதுக்க வேண்டும். "நூலகம் மிகவும் பயனுள்ளது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தால், சிவப்பு மையால் அடிக்காமல், "யாருக்கு? எப்போது?" என்று ஓரத்தில் கேளுங்கள். மறுவரைவில், "மாலையானால் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் அக்காக்கள் மேசையைப் பிடித்துவிடுவார்கள்" என்பதுபோல ஒரு வரி வரும். அந்த வரியை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழையெல்லாம் கடைசிச் சுற்றில் பார்க்கலாம். முதல் வரைவிலேயே சுழித்துவிட்டால், தப்பு வராத சொற்களை மட்டுமே பிள்ளைகள் எழுதுவார்கள். வரைவுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம்.