அறுபதாம் கல்யாணத்தில் கொடுத்த கைக்கடிகாரங்கள் நின்றுபோனால் கடைக்காரரைக் கேட்க முடியுமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கோட்டையூர். எங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, வந்த பங்காளிகளுக்கும் தாயபிள்ளைகளுக்கும் அன்பளிப்பாகக் கொடுப்பதற்காக, காரைக்குடிக் கடை ஒன்றில் ஒன்று 480 ரூபாய் வீதம் 60 கைக்கடிகாரங்கள் வாங்கினேன். ஓராண்டு கேரண்டி என்று கார்டு கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் 22 கடிகாரங்கள் நின்றுவிட்டன. சிலவற்றில் கண்ணாடிக்குள் நீர் கோத்திருக்கிறது; சிலவற்றில் முலாம் போய்விட்டது. கடைக்காரரோ, “செல்லுக்கும் ஸ்ட்ராப்புக்கும் கேரண்டி கிடையாது, இந்த விலைக்கு இவ்வளவுதான் உழைக்கும்” என்கிறார். என்னிடம் இருப்பது ஓர் எஸ்டிமேட் சீட்டும் யுபிஐ-யில் பணம் அனுப்பிய விவரமும்தான். சீட்டில் ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் 60 கடிகாரங்களுக்கும் அல்ல. 22-க்கும்கூட முழுமையாகக் கிடைக்குமா என்பது அவை ஏன் நின்றன என்பதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எழும் ஐயம், 60 கடிகாரங்களை மொத்தமாக வாங்கியவர் நுகர்வோர் ஆவாரா என்பதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவரை மட்டுமே விலக்கி வைக்கிறது. வீட்டு விசேஷத்தில் உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக வாங்குவது எவ்வளவு பெரிய எண்ணிக்கையானாலும் வணிகம் ஆகாது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் அச்சட்டம் நுகர்வோராகவே கருதுவதால், “கடிகாரம் இப்போது உங்களுடையதே அல்லவே” என்ற வாதமும் எடுபடாது. பணம் கொடுத்தவர் என்ற முறையில் நீங்களே புகார்தாரராக இருப்பது எளிது.

“இந்த விலைக்கு இவ்வளவுதான்” என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள், விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய நிபந்தனையாகக் கொள்கிறது. அந்தத் தரத்தை அளக்கும்போது விலையும் கணக்கில் வரும் என்பதால், 480 ரூபாய்க் கடிகாரம் பத்தாண்டுகள் ஓட வேண்டும் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் எதிர்பார்க்காது. ஆனால் ஓராண்டு ஓடும் என்று விற்றவரே எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூன்று மாதத்துக்குள் நின்றுபோன பிறகு, விலையைக் காட்டித் தப்பிக்க இயலாது. வணிகர் கூறிக்கொண்ட தரத்தில் ஏற்படும் குறைவையும் நுகர்வோர் சட்டம் ‘குறைபாடு’ என்றே வரையறுக்கிறது. பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்கியவர், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் இந்த நிபந்தனையைக் காட்டி உரிமை கோர முடியாது என்ற விதி உண்டு. ஆனால் மூடியை மூடி விற்கும் கடிகாரத்தின் மிஷினை யார் திறந்து பார்த்து வாங்குகிறார்கள்?

சீட்டில் உள்ள வாசகத்தைப் பொருட்படுத்த வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுக்கொள்ள மறுப்பதையே 2019 சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் அந்த 30 நாட்களைக் கடந்துவிட்டதால் இந்த ஒரு பிரிவின் பலன் கிடைக்காமல் போகலாம். குறைபாடு பற்றிய உங்கள் உரிமை அதனால் அழிந்துவிடாது. முறையான பில் தராததும் அதே சட்டத்தின்படி தவறு என்பதால், எஸ்டிமேட் சீட்டு உங்களுக்கு எதிரானதைவிடக் கடைக்காரருக்கு எதிரான ஆவணமாகவே ஆகும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டே சேர்த்துவைக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில், ஆயிரக்கணக்கில் சரக்கு வாங்கும்போது மட்டும் பில் கேட்கக் கூச்சப்படுகிறோம் என்பது எனக்கு எப்போதும் வியப்புதான். நல்லவேளையாக யுபிஐ விவரத்தில் தேதி, தொகை, பெற்றவர் பெயர் மூன்றும் இருக்கின்றன.

இனி முக்கியமானதுக்கு வருவோம். நின்ற கடிகாரங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் நின்றிருக்காது. கடிகாரத்தோடு வரும் செல், கிடங்கிலேயே பல மாதங்கள் கிடந்து பாதி தீர்ந்திருக்கக்கூடும் என்பதால், அது சீக்கிரம் ஓய்ந்துபோவதை மட்டும் வைத்து மிஷின் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆகவே கடைக்குத் தொடர்பில்லாத ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் 22 கடிகாரங்களையும் கொடுத்து, புதுச் செல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதுச் செல்லில் ஓடுபவற்றைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவதே நல்லது. ஓடாதவைதாம் உங்கள் வழக்கு. பழைய செல் கசிந்து சர்க்யூட்டை அரித்திருந்தால், செல்லுக்குக் கேரண்டி இல்லை என்ற நிபந்தனை அங்கே பொருந்தாது என்று வாதிடலாம். ஏனெனில் அங்கே கெட்டது மிஷின், கெடுத்தது கடைக்காரர் கொடுத்த செல். மெக்கானிக் எந்தப் பாகத்தையும் மாற்றாமல், ஒவ்வொன்றிலும் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதற்கு முன் மூடியை யாரும் வீட்டில் நெம்பித் திறக்க வேண்டாம்.

நீர் கோத்தவற்றில் கவனம் தேவை. பின்மூடியில் 30 மீட்டர் அல்லது 3 ஏடிஎம் (நீரழுத்தத்தைத் தாங்கும் அளவு) என்று இருந்தால், கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். அதைக் கட்டிக்கொண்டு ஊருணியில் இறங்கிக் குளித்தவரின் கடிகாரத்தை வழக்கில் சேர்த்தால், மற்றவற்றின் மீதும் சந்தேகம் படரும். முலாம் வியர்வையில் போவது பற்றி இவ்வளவு குறைந்த விலையில் வாதாடுவதில் பயனில்லை; அதை விட்டுவிடுங்கள்.

இவ்வாறு தேறியவற்றைப் பட்டியலிட்டு, கடைக்காரருக்கும், பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். கம்பெனியைக் கேளுங்கள் என்று கடைக்காரர் கைகாட்ட இடமில்லை. உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் அவர்தாம். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியலாம். அங்கே சமரச முயற்சி நடக்கும், உத்தரவு கிடைக்காது.

பலன் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம் என்பதால் கோயம்புத்தூரும் சரி, கடை இருக்கும் சிவகங்கை மாவட்டமும் சரி. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பிரிந்து கிடந்தாலும், காரைக்குடியும் கோட்டையூரும் சிவகங்கையைச் சேர்ந்தவை என்பதால் உங்களுக்குக் குழப்பமில்லை. நான் சிவகங்கையையே பரிந்துரைப்பேன். மெக்கானிக்கும் கடிகாரங்களும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன, கடைக்காரரும் பேசித் தீர்க்க முன்வருவது அங்கேதான் எளிது. விசாரணைக்குக் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கோரி விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. நீங்களே வாதிடலாம், இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் வைத்தால் அவருக்கான கட்டணமே கடிகாரங்களின் விலையை விழுங்கிவிடும்.

ஆணையம் பழுதை நீக்கவோ, மாற்றுப் பொருள் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிடலாம். உங்கள் நிலையில் விலையைக் கேட்பதே மேல். அதே சரக்கிலிருந்து மாற்றுக் கடிகாரம் வாங்கி என்ன பயன்? 22-உம் தேறினால் அது 10,560 ரூபாய். அதோடு மெக்கானிக் கூலி, வழக்குச் செலவு, மிதமான இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சக்கணக்கில் மன உளைச்சல் தொகை கேட்பவரின் புகாரை யாரும் விரும்பிப் படிப்பதில்லை.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 38 கடிகாரங்களுக்கு இப்போது எதுவும் கோர முடியாது. கேரண்டி ஆண்டு முடிவதற்குள் அவற்றில் சில நிற்கவும் கூடும் என்பதால், நோட்டீஸை இப்போதே அனுப்பிவிட்டு, கேரண்டி முடிந்தபின் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புகாராகத் தாக்கல் செய்யுங்கள். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதை நின்ற நாளிலிருந்து எண்ணாமல், வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.