இரண்டாவது ரவுட்டரில் வைஃபை முழுசாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால்

முதல் ரவுட்டரோடு இரண்டாவதைக் கேபிளால் இணைத்து, இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால், காரணம் அதுதான். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி.

முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியை இரண்டாவதின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களை இணைக்கும் துளை) கேபிளால் செருகுங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து அதன் அமைப்புப் பக்கத்தில் நுழைந்து, லேன் ஐபியை, அதாவது ரவுட்டரின் முகவரியை, 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். இணைப்பு அறும், அது இயல்புதான். புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். இதை முதலிலேயே அணைத்தால் கணினிக்கு ஐபி கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள்.

பிறகு கேபிளை லேனிலிருந்து லேனுக்கே போடுங்கள். பலரும் பழக்கதோஷத்தில் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் துளையில், செருகிவிடுகிறார்கள். முதல் ரவுட்டரின் டிஹெச்சிபி வரம்பு 192.168.1.10-இலிருந்து தொடங்கட்டும், இல்லையேல் 192.168.1.2 வேறு சாதனத்துக்குப் போய்விடலாம்.

வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் (அலைவரிசை எண்) மட்டும் வேறாக இருக்கட்டும்: ஒன்றில் 1, மற்றதில் 6 அல்லது 11.